வாசலில் நின்ற சைக்கிள்கள்

முதலாவது சைக்கிளைக் கொண்டுவந்து விட்டவள் மாக்கிரட்.

மேரிசெலின் குசினிக்குள் பாண் வெட்டிக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு வேலை மத்தியானத்துக்குப் பிறகுதான். யன்னலால் பார்த்தபோது மாக்கிரட் தன் மின்சார சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, வாசற்படிக்கு நேரே சுவரில் சாத்துவது தெரிந்தது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கைபிடியில் கொழுவினாள். பூட்டவில்லை. திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

மேரிசெலின் வீட்டுச் செருப்போடு ஓடினாள்.

"மாக்கிரட், என்ன இது? உள்ளுக்கு வாவன்."

"நான் வரேல்லை அக்கா. உங்கட மகன் வித்த சாமான். உங்கட வீட்டிலயே நிக்கட்டும்."

போன வாரம் வரிக்கந்தோர் மாக்கிரட்டுக்குத் தொலைபேசியில் சொன்ன பதில்தான் இன்று காலையில் இப்படி வாசலுக்கு வந்திருந்தது.

மாக்கிரட்டும் மேரிசெலினும் டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஒரே பராமரிப்புக் கம்பனிக்கு வேலை செய்கிறார்கள். ஒரு வீட்டில் முதியவர் ஒருவரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிட்டு, அடுத்த தெருவில் இன்னொருவருக்கு மருந்து எடுத்துக் கொடுக்க ஓட வேண்டும். போன வருடம் கம்பனி அவர்களைச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் என்ற இடத்திலிருந்து நீக்கி, ஒப்பந்தக்காரர் ஆக்கியது. அதே வேலை, அதே வீடுகள், அதே நீலச் சட்டை. கடதாசியில் மட்டும் ஒவ்வொருத்தியும் ஒரு தனிக் கம்பனி.

அந்த மாற்றத்தோடு சேர்ந்து வந்ததுதான் சைக்கிள் திட்டம். கம்பனி மூலம் சைக்கிள் எடுத்தால் அதன் விலையை வரிக்கு முன்னரே மாதம் மாதம் கழித்துக்கொள்ளலாம், வரி குறையும், பஸ்சுக்கும் காத்து நிற்கத் தேவையில்லை. தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் கோப்பி குடிக்கும் மண்டபத்தில், திரையில் படம் காட்டி இதை விளக்கியவன் றொஜிதன். மேரிசெலினின் மகன். அந்தக் கம்பனியில்தான் அவனுக்கும் வேலை.

அந்தச் சலுகை சம்பளக்காரருக்கு மட்டும்தான் என்று வரிக்கந்தோரில் இருந்த பெண் இப்போது சொல்லிவிட்டாள். ஒப்பந்தக்காரராக இருந்துகொண்டு அந்த வழியில் குறைத்த வரியை மாக்கிரட் திருப்பிக் கட்ட வேண்டும். மற்றவர்களும் அப்படித்தான். சைக்கிளோ இன்னும் கம்பனியின் பெயரில் இருக்கிறது.

"நான் றொஜிதனோட கதைக்கிறன்," என்றாள் மேரிசெலின். "ஏதும் பிழை நடந்திருக்கும். அவன் வேணுமெண்டு செய்திருக்க மாட்டான்."

மாக்கிரட் நின்றாள். அவளுடைய முகம் அழுது முடித்த முகம் அல்ல. இரவு முழுக்கக் கோபப்பட்டுத் தூங்காத முகம்.

"கையெழுத்து வைக்கேக்கை எனக்கு ஒரு இடம் விளங்கேல்லை அக்கா. ஆரைக் கேட்டனான்? உங்களைத்தான். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

பதிலையும் மாக்கிரட்டே சொன்னாள்.

"பொடியன் இஞ்ச பிறந்து படிச்சவன், அவன் சொன்னால் சரியாத்தான் இருக்கும் எண்டு சொன்னனீங்கள். நான் உங்கட முகத்தைப் பாத்துத்தான் வச்சனான். அவன்ர முகத்தைப் பாத்து இல்லை."

அவள் போய்விட்டாள். மேரிசெலின் அந்தத் தலைக்கவசத்தையே பார்த்துக்கொண்டு குளிரில் நின்றாள்.

மாக்கிரட் சொன்னது உண்மை. அதுதான் சுட்டது. மண்டபத்தில் றொஜிதன் காட்டிய முதல் படமே மேரிசெலின் சைக்கிள் ஓடும் படம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, கால்வாய்ப் பாதையில் மகன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, அவள் சைக்கிள் பழகினாள். அவன் கையை விட்ட பிறகும் அவள் விழாமல் போனதை அவன்தான் படம் பிடித்தான். "எங்கட அம்மாவே ஓடுறா, உங்களுக்கென்ன பயம்?" என்று அவன் மண்டபத்தில் கேட்டபோது பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவளும் பெருமையோடு சிரித்தாள்.

மத்தியானம் ஆவதற்குள் இன்னும் பலர் வந்தார்கள். ஒருத்தி கணவனின் வாகனத்தில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினாள். ஒருத்தி எதுவும் கதைக்காமல் சாவியைத் தபால் பெட்டிக்குள் போட்டாள். சுவர் போதாமல் வேலிச் செடிகள்மேலும் சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. நாயோடு வந்த எதிர்வீட்டு டெனிஷ்காரர் நின்று பார்த்துவிட்டு, விற்பனைக்கா என்று கேட்டார். மேரிசெலின் இல்லை என்றாள்.

றொஜிதனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தாள். கூட்டத்தில் இருக்கிறேன் என்று டெனிஷில் ஒரு செய்தி மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை என்பதால் அவளுடைய கணவர் அந்தோனிதாசன் தொழிற்சாலையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். காரை நிறுத்த இடமில்லை. இறங்கி வாசலைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சைக்கிள்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பின்பக்கக் கொட்டிலுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்.

"உந்தச் சைக்கிளை ஏன் அங்கால கொண்டுபோறியள்?" என்றாள் மேரிசெலின்.

"சனம் பாக்குது."

"பாக்கட்டும். விடுங்கோ அதை."

"செலின், சொல்றதைக் கேள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகோணும். ஊர் முழுக்க இதைக் கதைச்சால் நாங்கள் எந்த முகத்தோட போறது?"

"அவையள் எந்த முகத்தோட வரிக்கந்தோருக்குப் போறது?"

அந்தோனிதாசன் சைக்கிளைப் பிடித்தபடியே குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை இப்பதான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறான். மருமகள் நிறோஷினிக்கு வயித்தில ஆறு மாசம். இந்த நேரத்தில அவன்ர வேலைக்கு ஏதும் நடந்தால் என்ன செய்யிறது? நீ கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கொண்டிரு. எல்லாம் அடங்கும்."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். முப்பது வருடமாக இந்த மனிதர் கோபப்பட்டு அவள் பார்த்தது குறைவு. பிள்ளைகளைக்கூட அடித்தது கிடையாது. ஆனால் இன்று அவர் சைக்கிளைப் பிடித்திருந்த கை வெளிறிப்போய் இருந்தது.

"நீங்கள் ஏன் ஆச்சரியப்படேல்லை?" என்று கேட்டாள்.

"என்ன?"

"வாசல் முழுக்க சைக்கிள் நிக்குது. ஏனெண்டு கேக்கேல்லை."

"எனக்குத் தெரியும்தானே மாக்கிரட்டின்ர கதை." அவர் திரும்பிக் கொட்டிலை நோக்கி உருட்டினார்.

மேரிசெலின் உள்ளே போய் ஜக்கெற்றைப் போட்டாள். தன்னுடைய சைக்கிளை எடுத்தாள். அந்தோனிதாசன் பின்னால் கூப்பிட்டது கேட்டது. அவள் நிற்கவில்லை.

காற்று எதிர்க்காற்று. ட்ராம் பாதையோரமாக மிதித்துப் போகும்போது கண்ணில் நீர் வந்தது, அது காற்றினால்தான். மாக்கிரட் சொன்ன வார்த்தையை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே மிதித்தாள். உங்கட முகத்தைப் பாத்துத்தான் வச்சனான்.

கம்பனி ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எந்தக் கூட்டமும் இல்லை. றொஜிதன் தன் மேசையில் தனியாக இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"அம்மா, இங்கே ஏன் வந்தீர்கள்?" என்று டெனிஷில் கேட்டான்.

"நீ போன் எடுக்கேல்லை. அதுதான்."

அதற்குள் உள் அறையிலிருந்து எமிலியா வந்துவிட்டாள். கம்பனியின் முதலாளி. நாற்பது வயதிருக்கும். ஆட்களைப் பெயர் சொல்லிக் கட்டிப்பிடித்து வரவேற்கிறவள். மேரிசெலினையும் அப்படியே கட்டிப்பிடித்து, கதிரை இழுத்துவிட்டு, கோப்பி ஊற்றினாள். மேரிசெலின் கோப்பியைத் தொடவில்லை. எமிலியாவோடு நடந்த பேச்சு முழுவதும் டெனிஷில்தான்.

"சைக்கிள் விஷயம் கேள்விப்பட்டேன்," என்றாள் எமிலியா. "கவலையான விஷயம். ஆனால் நீங்கள் எல்லோரும் சொந்தமாகத் தொழில் செய்பவர்கள், செலின். உங்கள் வரி உங்கள் பொறுப்பு. கம்பனி அதில் தலையிட முடியாது."

"நான் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்?"

"அது ஒழுங்குபடுத்தல் மட்டும்தான்."

"போன மாதம் எனக்குக் காய்ச்சல். வரமுடியாது என்று சொன்னேன். வேறு ஆளை நீயே பிடித்துத் தா என்று சொன்னது யார்? சட்டை உங்களுடையது, நேரம் உங்களுடையது, சைக்கிளும் உங்களுடைய பெயரில் இருக்கிறது. வரி மட்டும் எங்களுடையதா?"

தன் குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே கேட்டது. பக்கத்து அறையில் யாரோ தட்டச்சு செய்வது நின்றது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

எமிலியாவின் சிரிப்பு போகவில்லை. "உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இதெல்லாம் ஆரம்பத்திலேயே விளக்கப்பட்டது. உங்கள் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், உங்கள் மொழியிலேயே." அவள் திரும்பினாள். "றொஜிதன், ஒப்பந்தக்காரருக்கு வரிச்சலுகை கிடைக்காமலும் போகலாம், அது அவரவர் பொறுப்பு என்று நீ சொன்னாய்தானே?"

றொஜிதன் மேசையில் கிடந்த பேனையைப் பார்த்தான். அதை எடுத்து வேறொரு இடத்தில் வைத்தான்.

"யா," என்றான். "சொன்னேன்."

மேரிசெலின் அந்தப் பேனையைப் பார்த்தாள். அவன் சின்ன வயதில் பொய் சொல்லும்போதும் இப்படித்தான், எதையாவது எடுத்து வேறு இடத்தில் வைப்பான்.

"நை, இல்லை," என்றாள். "அவன் சொல்லவில்லை. நான் முதல் வரிசையில் இருந்தேன்."

எமிலியா கதிரையை முன்னுக்கு இழுத்தாள். "செலின், நன்றாக யோசியுங்கள். அவன் சொல்லவில்லை என்றால், அவன் அந்தப் பெண்களை ஏமாற்றியிருக்கிறான் என்றுதான் அர்த்தம். கம்பனி அல்ல, அவன். அப்படிப்பட்ட ஒருவரை என்னால் வேலையில் வைத்திருக்க முடியாது. நீங்கள் ஒரு தாய்."

"யோசித்துத்தான் சொல்கிறேன்," என்றாள் மேரிசெலின். எழுந்து வெளியே நடந்தாள்.

மாடிப்படியில் றொஜிதன் பின்னால் ஓடி வந்தான். தெருவுக்கு வந்த பிறகுதான் அவளைப் பிடித்தான். மூச்சு வாங்க டெனிஷில் படபடவென்று கதைத்தான். அவன் இப்போதுதான் குழுத் தலைவர் ஆகியிருக்கிறான், அவளுக்கு இந்த நாட்டில் ஒரு வேலை எப்படிக் கிடைக்கிறதென்று விளங்காது, எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் உடைத்துவிட்டாள் என்றான்.

"தமிழில கதை," என்றாள் அவள். "அவையளுக்குத் தமிழிலதானே வித்தனீ."

அவன் வாயை மூடினான். திறந்தபோது தமிழ் தடுமாறி வந்தது.

"அம்மா, எனக்கும் முதல் முழுக்கத் தெரியாது."

"பிறகு?"

"பிறகு தெரிஞ்சது."

"எப்ப தெரிஞ்சது?"

அவன் ரோட்டைப் பார்த்தான். "மண்டபத்துக்கு வர முதல்."

அவளுடைய கை தானாக எழுந்தது. ட்ராம் வந்து நின்று ஆட்கள் இறங்கினார்கள். அவள் கையைக் கீழே விட்டாள்.

"அப்ப என்ர படத்தை முன்னுக்குப் போட்டது?"

"அம்மா..."

"என்னை வச்சுத்தானே அவையளைப் பிடிச்சனீ? மீன் பிடிக்கிறவன் தூண்டில்ல புழு வைக்கிற மாதிரி."

"என்னைக் குழுத் தலைவர் ஆக்கிறதெண்டால் ஆக்களைச் சேர்க்கோணும் எண்டு சொன்னவை. நிறோஷினி வேலைக்குப் போகேல்லை. நான் என்ன செய்யிறது?"

"மாக்கிரட்டின்ர மனுசன் முதுகு ஏலாமல் வீட்டில இருக்கிறான். அவள் என்ன செய்யிறது?"

மேரிசெலின் சைக்கிளில் ஏறினாள். அவசரத்தில் முதல் மிதி தவறியது. அவன் பிடிக்க வந்தான். அவள் அவனுடைய கையைத் தட்டிவிட்டாள்.

பின்னேரம் முழுக்க வேலை. மூன்றாவது வீட்டில் இருந்த கிழவி, உனக்கு இன்று உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பற்களை இறுகக் கடித்துக்கொண்டு வேலை செய்ததில் மேரிசெலினுக்குத் தாடை நொந்தது.

வீட்டுக்கு வந்தபோது அந்தோனிதாசன் பாதிச் சைக்கிள்களைத்தான் கொட்டிலுக்குள் அடைத்திருந்தார். மற்றதற்கு இடமில்லை. அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மாக்கிரட்டுக்கு எடுத்தாள். வெகுநேரம் அடித்த பிறகே அவள் எடுத்தாள்.

"மாக்கிரட், வைச்சுப்போடாதை. நான் சொல்றதைக் கேள். றொஜிதன் எல்லாம் விளக்கமாச் சொன்னவன் எண்டு கம்பனி சொல்லப்போகுது. அவன் சொல்லேல்லை எண்டு நான் சொல்லுவன். திங்கட்கிழமை எல்லாருமாத் தொழிற்சங்கத்துக்குப் போவம். வேலையில பேர் மாத்தினாலும் நான் சங்கத்தை விடேல்லை. நீயும் விடேல்லைத்தானே?"

"அக்கா, அவன் உங்கட பிள்ளை."

"ஓம். தெரியும்."

"பிறகு என்னைத் திட்டக்கூடாது."

"உன்னை ஏன் திட்டுறன்? காலமை நீ சொன்னதில ஒரு பிழையுமில்லை."

அவள் தொலைபேசியை வைத்தபோது தொலைக்காட்சி நின்றிருந்தது. அந்தோனிதாசன் எழுந்து நின்றார்.

"பெத்த பிள்ளைக்கு எதிராச் சாட்சி சொல்லப் போறியோ?"

"ஓம்."

"அவன்ர வேலை போகும்."

"போகட்டும். வேற வேலை செய்யட்டும். நான் இந்த நாட்டுக்கு வந்து கழிப்பறை கழுவினனான். எனக்கொண்டும் குறையேல்லை."

"செலின், உனக்கு விசர் பிடிச்சிட்டுது. அந்த வெள்ளைக்காரி செய்த வேலைக்கு உன்ர பிள்ளையைக் கொண்டுபோய்ப் பலி குடுக்கிறாய். நீ திங்கட்கிழமை போனால் நான் இந்த வீட்டில இருக்க மாட்டன்." அவருடைய குரல் உடைந்தது. அது மிரட்டல் மாதிரி இருக்கவில்லை. பயந்த மனிதரின் குரல் மாதிரி இருந்தது. அவளுக்கு அது விளங்கவில்லை.

வெளியே கார் ஒன்று வந்து நின்றது. சைக்கிள் ஒன்று சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. றொஜிதன் உள்ளே வந்தான். கம்பனியில் போட்டிருந்த அதே சேர்ட். தாயைப் பார்க்கவில்லை. நேரே தகப்பனுக்கு முன்னால் போய் நின்றான்.

"எமிலியா கடிதம் ஒண்டில கையெழுத்து வைக்கச் சொல்லுறா," என்றான். "எல்லாருக்கும் நான் விளக்கமாச் சொன்னனான் எண்டு. நான் வைக்கேல்லை."

அந்தோனிதாசன் யன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்பா, நீங்கள் சொல்லுறியளோ? நான் சொல்லட்டோ?"

"தம்பி, இப்ப வேண்டாம்," என்றார் அவர்.

"என்ன வேண்டாம்?" என்றாள் மேரிசெலின்.

இரண்டு பேரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் நடுவில் வந்து நின்றாள்.

"என்ன வேண்டாம் எண்டு கேக்கிறன்."

றொஜிதன் தமிழில்தான் சொன்னான், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

"நீங்கள் சைக்கிள் பழகத் தொடங்க முதலே அப்பாட்டைக் கேட்டனான் அம்மா. உண்மையைச் சொன்னால் ஒருத்தரும் எடுக்க மாட்டினம், என்ன செய்ய எண்டு. அப்பா சொன்னார், முதல்ல நீ வேலையில நிலைச்சு நில், சனத்துக்கு உந்த வரிக் கணக்கெல்லாம் விளங்காது, பிறகு பாப்பம் எண்டு." அவன் நிறுத்தினான். "அம்மாக்குச் சொல்லாதை எண்டும் சொன்னார். அவ ஏறி ஓடினால் மற்றவையும் ஏறுவினம் எண்டு."

அந்தோனிதாசன் இல்லை என்று சொல்லவில்லை. சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்காகத்தான்," என்றார். "உனக்கும் அவனுக்கும்தான்."

மேரிசெலின் அவரைப் பார்த்தாள். கால்வாய்ப் பாதையில் அவள் முதன்முதலாக விழாமல் ஓடிக் காட்டிய அன்று, கைதட்டியவர் இவர்தான். அப்போதே இவருக்கு எல்லாம் தெரியும்.

அவள் கத்துவாள் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து மாக்கிரட்டுக்குத் திரும்ப அடித்தாள். அவர்கள் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"மாக்கிரட், திங்கட்கிழமை வரைக்கும் வேண்டாம். உன்ர ஆக்களைக் கூட்டிக்கொண்டு இப்பவே வா. இஞ்ச இரண்டு பேர் உங்களோட கதைக்கப் போயினம்."

"இரண்டு பேரோ? ஆர் மற்றது?"

"வா. வந்து பார்."

அந்தோனிதாசன் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். அவள் முந்திப்போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"தள்ளு செலின். என்னால அந்தப் பெண்டுகளின்ர முகத்தைப் பாக்கேலாது."

"என்ர முகத்தை வச்சுச் செய்தனீங்கள். இப்ப உங்கட முகத்தைக் காட்டுங்கோ."

அவர் தோளில் கை வைத்து அவளை விலக்கப் பார்த்தார். அவள் அசையவில்லை. றொஜிதன் கிட்ட வந்தான். யாருடைய பக்கம் வருகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் தகப்பனின் கையை அவளுடைய தோளிலிருந்து எடுத்தான். அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினான். தானும் பக்கத்தில் இருந்துகொண்டான்.

வெளியே பெண்களின் பேச்சுக் குரல்கள் நெருங்கி வந்தன. மேரிசெலின் கதவை அகலத் திறந்துவிட்டாள்.